இன்சுலினுக்கும் பாகப்பிரிவினை

பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு சுகர் பெரியப்பா உண்டு. அநேகமாக ரிட்டையர்டு வாத்தியாராக இருப்பார். ஒரு காலத்தில் சபைக் கமிட்டியில் இருந்து யாரையாவது எதிர்த்திருப்பார். 1826-இல் பிரதிஷ்டையான ஆலயத்தின் ஊசிக் கோபுரத்தை மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்க்கிற மனிதருக்கு, இன்சுலின் போடுகிற அரை விரற்கடை ஊசியைக் கண்டால் மட்டும் வயிற்றைக் கலக்கும். நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் இவர் உண்டு. பலகாரத்தின் பெயர்தான் மாறும். எங்கள் பெரியப்பாவை வைத்துச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரரைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபின் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி சுகர். காலையில் விரலைக் குத்தி, மிஷினில் எண் வந்ததும் முற்றத்தில் நின்று அறிவிப்பார். நூற்று முப்பது என்றால் அது அவருடைய ஒழுக்கத்தால் வந்தது. இருநூற்றுப் பத்து என்றால் வீட்டாரால் வந்தது. முந்தின ராத்திரி இருட்டில் சம்படம் திறந்த சத்தம் எந்தக் கணக்கிலும் சேராது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இத்தன பேரும் ஒரே கட்சியில சேந்தா எவன்டே நம்மள ஜெயிக்க முடியும்?" என்று கேட்டவர் அவர்.

கோபமும் கவலையும் வந்தால் உடம்பில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கும், கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும், சுகர் ஏறும். இது மருத்துவ உண்மை. இதை ஒரு டாக்டர் அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டார். அன்று பிடித்தது குடும்பத்துக்குச் சனி. (கிறிஸ்தவர்களுக்கும் சனி பிடிக்கும்; பெயர் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.) பேச்சு தனக்குப் பிடிக்காத பக்கம் திரும்பினால் பெரியப்பா நெற்றியைப் பிடித்துக்கொள்வார். "எனக்கு ஏறுது." அதோடு தீர்மானம் தள்ளிவைக்கப்படும்.

இப்படியே பத்து வருஷமாகத் தள்ளிவைக்கப்பட்டதுதான் வீட்டுப் பாகப்பிரிவினை. அந்தப் பேச்சுக்குச் சரியான மாதம் என்று எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது டிசம்பர். எல்லாருக்கும் லீவு கிடைப்பது அப்போதுதான். ஒரு பக்கம் அட்வென்ட் ஞாயிறுகள், நட்சத்திரம் கட்டுகிற ஏணி, மாவு இடிக்கிற சத்தம். இன்னொரு பக்கம் வில்லங்கச் சான்றிதழ். இந்தத் தடவை வாசல் யாருக்கு, கிணறு யாருக்கு என்று தொடங்கி, மூன்றாவது அட்வென்ட்டுக்குள் உலை தனித்தனியாகிவிட்டது. மாடியில் பெரிய அண்ணன், கீழே சின்ன அண்ணன். சமாதானம் பண்ண வந்த சபை ஐயர் இரண்டு வீட்டிலும் ஜெபம் பண்ணி, இரண்டு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டு, கீத பவனிக்கு எல்லாரும் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனார்.

கிணற்றைக்கூடப் பொது என்று எழுதிவிட்டார்கள். பெரியப்பாவின் வைத்தியத்தைத்தான் யாரும் பத்திரத்தில் எழுத மறந்தார்கள். பிரிட்ஜ் சின்ன மைனி கொண்டுவந்த சீர். ஆகவே இன்சுலின் கீழே. சுகர் பார்க்கிற மிஷின் பெரிய அண்ணன் வாங்கியது. அது மாடிக்கு ஏறிவிட்டது. டாக்டர் எழுதின சீட்டு வண்ணாரப்பேட்டையில் இருக்கிற அக்காவின் வாட்ஸ்அப்பில். ஊசிச் செலவு யார் பங்கு என்று கேட்கலாமா என்று இரண்டு தரப்பும் யோசித்து, கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டன.

பெரியப்பாவுக்கோ இது பொற்காலம். மாடியில் "கீழ ஊசி போட்டாச்சு" என்பார். கீழே "மேல பாத்தாச்சு, நார்மல்" என்பார். பண்டிகைப் பலகாரம் இரண்டு வீட்டிலும் சுட்டார்கள். மற்ற வருஷமாக இருந்தால் எந்த மைனியும் துணிந்து தட்டைப் பிடுங்கிவிடுவாள். இந்த வருஷம் முடியாது. ஒரு முந்திரிக்கொத்தை வேண்டாம் என்று சொன்னால், பாகம் பிரிந்ததும் மாமனாருக்கு ஒரு பண்டம் தர மனசில்லை என்று சொந்தக்காரர் மத்தியில் பெயராகிவிடும். ஆகவே பெரிய மைனி தட்டில் மூன்று வைத்தால் சின்ன மைனி நான்கு வைத்தாள். பெரியப்பா இருவர் மனமும் கோணாமல் தின்றார்.

கேட்டால் அவரிடம் விளக்கம் இருக்கும். முந்திரிக்கொத்து பாசிப்பயறு, பயறு என்றால் புரதம். அச்சு முறுக்கு பாதிக்கு மேல் ஓட்டை. கருப்பட்டி சுகரை ஏற்றாது. இந்தக் கடைசி விஷயத்தில் தென்மாவட்டமே அவர் பக்கம் நிற்கும். சீனியும் கருப்பட்டியும் பெரும்பங்கு ஒரே சுக்ரோஸ்தான் என்று சொல்லிப் பாருங்கள், ஊரை விட்டு விலக்கி வைத்துவிடுவார்கள். பண்டிகைக்கு வந்த விருந்தாளிகளும் ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்தார்கள். ஒருவர் ஆவாரம்பூ, ஒருவர் சிறுகுறிஞ்சான் பொடி. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, பாவக்காய் ஜூஸ் கொண்டுவந்தவரை மட்டும் அவர் வாசலோடு அனுப்பினார்.

பிரிட்ஜ் கதையைச் சொல்ல வேண்டும். இன்சுலின் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே இருக்க வேண்டிய சரக்கு. வருஷம் பூராவும் அது கீழ்த்தட்டில் ஒரு டிபன் டப்பாவுக்குள் மரியாதையாக இருந்தது. இருபத்தோராம் தேதி பிரிட்ஜுக்குள் கேக் வந்தது, திராட்சை ரசம் பாட்டிலில் வந்தது, மாவு வந்தது, பண்டிகைக் கறிக்காக எதற்கும் இருக்கட்டும் என்று தயிர்க் குண்டான் வந்தது. டிபன் டப்பாவை எங்கே வைப்பது? பேத்தி யோசித்தாள். குளிர்ச்சியாக இருக்கவேண்டிய மருந்து அதிகக் குளிர்ச்சியில் இன்னும் நன்றாக இருக்கும் என்று பிரீசருக்குள் வைத்துவிட்டாள். மறுநாள் எடுத்தால் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டி. உருக்கினால் சரியாகிவிடும் என்று சின்ன அண்ணன் வெயிலில் வைத்தான். மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "உறைஞ்சத உருக்கிப் போட்டா வேலை செய்யாது சார், தூரப் போடுங்க" என்றார்.

"ஐயோ, பண்டிகை நேரத்தில ஊசி போச்சே!" என்று பெரியப்பா பதறினார். அப்படியொரு களை அவர் முகத்தில் அந்த வருஷம் பூராவும் நான் பார்க்கவில்லை.

அந்தக் களையும் ஒரு மணி நேரம்தான். அக்கா புது மருந்து வாங்கி அனுப்பிவிட்டாள். ஆனால் பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜ். பேனா இல்லை. பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் என்ன என்றான் பெரிய அண்ணன். பெரியம்மாதான் கையைத் தட்டிவிட்டாள். பாட்டில் மருந்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், கார்ட்ரிட்ஜில் 100. சிவப்பு மூடி சிரிஞ்சில் கோடு போட்டிருப்பது நாற்பதுக்கு. அந்தக் கோட்டை நம்பி இதை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். எட்டாங்கிளாஸோடு நிறுத்தின பெரியம்மா இதைச் சொன்னபோது, கணக்கு வாத்தியார் பேப்பர் படிக்கிற பாவனையில் இருந்தார்.

பெரியம்மாவுக்கும் பிரஷர் உண்டு. இது பலருக்குத் தெரியாது, பெரியப்பாவையும் சேர்த்து. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இல் அரசாங்கம் கொண்டுவந்த திட்டத்தில் ஒரு பெண் வீட்டு வாசலுக்கு வந்து, திண்ணையிலேயே பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். பெரியம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மாவு சலிக்கிற இடைவெளியில் விழுங்கிவிடுவாள். இதற்கு அறிவிப்பும் இல்லை, தீர்மானமும் இல்லை. பாகம் பிரித்தபோது அரிசிப் பானை யாருக்கு என்று மட்டும் அவள் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தாள்.

இருபத்து மூன்றாம் தேதி ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. பெரியப்பா எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்; பேனா வந்துவிட்டது, தப்பிக்க வழியில்லை. போட்ட அரை மணியில் சாப்பிட வேண்டும். ஆனால் டிரம் சத்தம் கேட்டதும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பையன்களோடு கிளம்பிவிட்டார். முப்பது வருஷமாக அந்தக் குழுவில் பேஸ் பாடுகிறவர்; அவர் இல்லாவிட்டால் குழுவுக்கு ஒன்றும் குறையாது என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. நாலாவது வீட்டு முற்றத்தில் பாட்டு நடுவில் குரல் இறங்கியது. சட்டை நனைந்து, கை நடுங்கி, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய அண்ணன் மிஷினோடு ஓடிவந்தான். 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பதினைந்து கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிஷம், மறுபடி பரிசோதனை என்பது விதி. சர்க்கரைக்கு எங்கே போவது என்று எல்லாரும் பார்த்தபோது, பஞ்சுத் தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு கிறிஸ்மஸ் தாத்தா தன் பையை அவிழ்த்தார். பிள்ளைகளுக்கு வீசுகிற மிட்டாயைக் காகிதம் உரித்து உரித்து ஊட்டினார். அந்த வீட்டு அம்மாள் சீனித் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தாள்.

"மேல சாப்பிட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள் சின்ன மைனி.

"கீழ சாப்பிட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள் பெரிய மைனி.

உலை பிரிந்த பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். அதில் கோபம் இருந்தது, ஆனால் இருவருக்கும் ஒரே ஆள்மேல். பதினைந்து நிமிஷம் கழித்து 96. ஆள் தெளிந்ததும் பெரியப்பா கேட்டது, "பையில ஆரஞ்சு மிட்டாய் இருக்காடே?"

பண்டிகை முடிந்தது. ஜனவரியில் மூணு மாச டெஸ்ட் எடுத்துவரச் சொல்லியிருந்தார் டாக்டர். சிவப்பணுவின் ஆயுள் நூற்று இருபது நாள். அதில் ஒட்டின சர்க்கரையை அளந்து, தின்ற கதையைச் சொல்லிவிடுகிற பரிசோதனை அது. பெரியப்பா இதையெல்லாம் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார். ஆகவே ஜனவரியில் போக மாட்டார். சாம்பல் புதன் வரட்டும் என்பார். லெந்து காலத்தில் வீட்டில் பலகாரம் கிடையாது, கறி கிடையாது, நாற்பது நாள் உபவாசமும் ஜெபமும். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் லேபுக்குப் போய்க் கையை நீட்டுவார்.

இந்த வருஷமும் அப்படித்தான் போனார். டிசம்பர் பெரும்பாலும் கரைந்து, ரிப்போர்ட்டில் 7.1 என்று வந்தது. டாக்டருக்கு ஆச்சரியம். "பரவாயில்லையே சார், எப்படிக் குறைச்சீங்க?"

"எல்லாம் கருப்பட்டிதான், டாக்டர்."