உக்கடத்தில் மைனஸ் 18

கல்யாணத்துக்குக் கிளம்பி, ஆறு மாசமாகத் தொடாத காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். "டிக்" என்றது. மறுபடியும் திருகினேன். இந்தத் தடவை அந்த "டிக்"கும் இல்லை. பக்கத்து சீட்டில் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக இருந்த என் மனைவி, "ஏனுங்க, மொய்ய போன்லயே அனுப்பிப் போடலாமுங்களா?" என்றாள்.

அடுத்த அரை மணி நேரம் தெருவே சேர்ந்து தள்ளியது. கோயம்புத்தூர் குனியமுத்தூரில் எங்கள் தெரு ஆட்கள் தங்கமானவர்கள். என்ன, தள்ளுகிற கைகளை விட யோசனை சொல்கிற வாய்கள் கொஞ்சம் அதிகம். "செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்ச வுடுங்." "இல்லீங், தேர்டு போடுங்." முருகன் கோவில் இறக்கத்தில் வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. மண்டபத்துக்குப் போனபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. பந்தி கிடைத்தது.

மகன் கனடாவில், எட்மன்டனில் இருக்கிறான். வருஷா வருஷம் மே மாசம் போய் அக்டோபர் கடைசியில் திரும்புகிறோம். அந்த ஊரில் ஜனவரியில் மைனஸ் 30 வரை இறங்கும். கார்களின் முன்னால் ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருக்கும். ராத்திரி கரன்ட்டில் சொருகி இன்ஜினைச் சூடாக வைக்கிறார்கள். பனிக்காலம் முழுக்க ஓட்டாத காரை ஷெட்டில் விட்டு, பேட்டரியில் சின்னதாக ஒரு சார்ஜரை மாட்டிவிட்டு, வசந்தத்தில் எடுக்கிறவர்களும் உண்டு. "நீங்களும் ஒண்ணு வாங்கி மாட்டுங்கப்பா" என்றான். "நம்மூர்ல ஏதுடா பனி?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் தெருவே தள்ளிக்கொண்டு போனது.

அதற்கு முந்தின வருஷம் இந்தத் தொல்லையே இல்லை. சாவியை மச்சான் மகனிடம் கொடுத்து, "வாரத்துக்கு ஒருக்கா எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வா கண்ணு" என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி எட்மன்டனில் சாப்பிட உட்கார்ந்தால் நம்மூரில் ஞாயிறு காலை. போனில் பாஸ்டேக் செய்தி வரும்: கணியூர் சுங்கச்சாவடி. இரண்டாவது சப்பாத்தி வருவதற்குள் விஜயமங்கலம். ஒரு ரவுண்டு என்றதை அவன் ஈரோடு வரைக்கும் புரிந்துகொண்டிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி சிங்கம் மாதிரி இருந்தது. டயர்தான் வழுக்கைத் தலை.

ஆகவே சார்ஜர் வாங்குவது என்று முடிவெடுத்தேன். நான் ஒரு பொருளை வாங்க முடிவெடுத்தால் குறைந்தது மூன்று வாரம் ஆராய்ச்சி நடக்கும். என் மனைவி இதைக் கஞ்சத்தனம் என்பாள்.

நிறுத்திவைத்த கார் தூங்குகிறது என்று நினைக்கிறோம். அது ஒரு கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருக்கிறது. ரிமோட் கூப்பிடுகிறதா என்று கேட்க வேண்டும், கடிகாரம் ஓட வேண்டும், திருடன் வந்தால் கத்த வேண்டும். இதற்கெல்லாம் 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. வகுத்துப் பார்த்தேன்: 48 நாள். சரியாக ஒரு மண்டலம்! ஒரு மண்டலம் பட்டினி கிடந்தால் பேட்டரி சிவலோகம் சேர்ந்துவிடும். நான் போட்டது ஏறக்குறைய நாலு மண்டலம். அப்படிக் காலியாகக் கிடக்கிற பேட்டரியின் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடுகிறது. வெல்லப்பாகு அடியில் காய்ந்துபோன பாத்திரத்தைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

ஓட்டாமல் நிற்கிற பேட்டரிக்குப் பனி அவ்வளவு பெரிய எதிரி இல்லை என்பதையும் அப்போதுதான் படித்தேன். தானாகச் சார்ஜ் இறங்குகிற வேகம், வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் இரண்டு மடங்காகிறது. முழு சார்ஜில் இருக்கிற பேட்டரிக்குக் கனடாவின் பனிக்காலம் ஒரு ஃபிரிட்ஜ். காலியாக இருந்தால்தான் உறைந்து வெடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்த மாவுக்கு அவர்கள் இத்தனை காவல் போடுகிறார்கள். நாம் மாவை மொட்டை மாடியில் வைத்துவிட்டு விமானம் ஏறுகிறோம். பேட்டரியின் மேல் சிசிஏ என்று ஓர் எண் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு எவ்வளவு கரன்ட் தள்ளும் என்று அளந்து போடுகிற எண் அது. உக்கடத்தில் மைனஸ் 18 வருவதற்குள், கூழைக்கடா மேய்கிற பெரியகுளத்தில் பென்குயின் நீந்தும்.

சார்ஜர்களில் முதலில் கண்ணில் பட்டது ஐரோப்பியச் சரக்கு. விலை ஒன்பதாயிரம். என் பேட்டரியே ஐயாயிரத்துக்குள்தான். ஆட்டுக்குட்டியைக் காவல் காக்க யானை வாங்கின கதை. அடுத்தது ஆன்லைனில் தொள்ளாயிரம் ரூபாய்ச் சரக்கு. 'பல்ஸ் ரிப்பேர்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வசதி. செத்த பேட்டரிக்கு நாடி பார்த்து எழுப்புமாம். மூன்றாவது, பழைய பேட்டரிக் கடைகளில் முள் ஆடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. பேட்டரி நிறைந்ததா என்று பார்க்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் உள்ளே தண்ணீர் கொதிக்கும்.

நல்ல சார்ஜருக்குப் பந்தி பரிமாறத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் மளமளவென்று இலையை நிரப்பும். 14.4 வோல்ட்டுக்கு வந்ததும் "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக் கேட்டுக் குறைத்து வைக்கும். அப்புறம் 13.5 சொச்சத்தில், தண்ணீர்ச் சொம்போடு ஓரமாக நிற்கும். இந்தக் கடைசிக் காரியத்துக்குத்தான் மெயின்டெய்னர் என்று பெயர். அதற்கு 5 வாட் என்று வைத்தால் இரண்டு மாசத்துக்கு 7.2 யூனிட். வீட்டில் ஆளே இல்லாத ஆறு மாசமும் அரசாங்கம் கொடுக்கிற இலவச யூனிட் அநியாயமாக வீணாகிறதே என்ற என் நெடுநாள் துக்கத்துக்கும் மருந்து கிடைத்தது.

இத்தனை ஞானத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்கடத்துக்குப் போனேன். 2024 ஆகஸ்டில் மேம்பாலம் திறந்த பிறகு கரும்புக்கடை கண்ணிலேயே படுவதில்லை. நினைவு வருவதற்குள் இறக்கிவிட்டுவிடுகிறது. ரோட்டோரம் பழைய ஸ்பேனரும் ஜாக்கியும் விரித்திருந்த இடங்களைத் தாண்டி, தெரிந்த பாய் ஒருவரின் பேட்டரிக் கடையில் உட்கார்ந்தேன். மூன்று கட்டம், 13.5 வோல்ட், இலவச யூனிட் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாய் டீயை வைத்துவிட்டு, "எத்தன நாளைக்குப் போறீங்ணா?" என்றார்.

"ஆறு மாசம்."

"நடுவுல கரண்ட் போகும்ல? மாசம் ஒருக்கா பராமரிப்புன்னு பகல் பூரா நிறுத்துவான். சில சார்ஜரு, கரண்ட் வந்தா தானா ஓடாது. பட்டன அமுக்கோணும். கனடாவுல இருந்து அமுக்குவீங்களா?"

மூன்று வார ஆராய்ச்சியில் இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

"பூட்டின வூட்ல ஆறு மாசம் எதையும் சொருகி வுடாதீங்ணா. பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்குதுங்ளா? போறப்ப புல் சார்ஜ் ஏத்துங்க. மைனஸ் டெர்மினலக் கழட்டி ஓரமா வெச்சுருங்க. வந்து மறுபடி ஏத்துங்க. ரேடியோவும் டயமும் அழிஞ்சு போகும், அவ்வளவுதான். பேட்டரில பத்துல ஒரு பங்கு ஆம்பியர்ல ஏத்துனாப் போதும். உங்களுக்கு நாலு ஆம்பியர், ஆட்டோ கட்டாப் பாத்து எடுத்துக்குங்க."

1,600 ரூபாய். 1,550-க்கு முடித்தேன். கையோடு பானெட்டைத் திறந்து பேட்டரி மூடியைத் திருகிப் பார்த்தவர், "தண்ணி என்ன ஊத்துனீங்?" என்றார்.

"சிறுவாணிங்க பாய்" என்றேன். கோயம்புத்தூர்க்காரன் எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை அது.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நமக்குத்தாங்ணா சிறுவாணி. அதுக்கு டிஸ்டில்டு வாட்டரு. ஆத்துத் தண்ணில உப்பு இருக்கும்ல, தகடு கெட்டுப்போகும்." பேட்டரியை நான்தான் கொன்றேன் என்பதை இதை விட மரியாதையாகச் சொல்ல முடியாது. அன்றைக்கே புது பேட்டரியும் வாங்க வேண்டியதாயிற்று. அதில் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

முதல் தடவை சார்ஜரைப் போர்டிகோவில் மாட்டினேன். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் தீப்பொறி கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். கார்த்திகை மாசம், அவள் வாசலில் வைப்பதற்காகத் தட்டு நிறைய அகல் விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள். வண்டியும் பேட்டரியும் நானும் பின்பக்கத்துக்குக் குடிபெயர்ந்தோம்.

சார்ஜரைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. குறையெல்லாம் அது எங்கள் வீட்டில் இல்லை என்பதுதான். தெருவில் ஒருத்தர் ஏணி வாங்கினால் அது தெருவின் ஏணி. அப்படித்தான் இதுவும். முதலில் எதிர்வீட்டு ஆக்டிவாவுக்குப் போனது. அங்கிருந்து ஒரு டாட்டா ஏஸுக்கு. போன மாசம் கோவில் நோம்பிக்கு மைக் செட் போட்ட பையன் கையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "அண்ணன்தான் வாங்கிட்டுப் போனாருங்க" என்கிறார்கள். எந்த அண்ணன் என்று யாருக்கும் தெரியவில்லை. கோயம்புத்தூரில் எல்லோரும் அண்ணன்தான்.

வருகிற 3-ஆம் தேதி எங்களுக்கு விமானம். இன்று காலை அளந்ததில் பேட்டரி 12.3 வோல்ட் காட்டுகிறது, 12.6-க்கு மேல் ஏற்றிவிட்டுத்தான் டெர்மினலைக் கழற்ற வேண்டும். சார்ஜரை வைத்திருக்கிற அண்ணன் இதைப் படித்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். சிவப்பு கிளிப்பில் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும், அதுதான் அடையாளம். அதோடு சேர்த்துப் பத்தாம் நம்பர் ஸ்பேனரையும்.