பரண் ஞானி

ஐம்பதைத் தாண்டிய ஆண்களைப் பரணில் ஏற்றவே கூடாது. விழுந்து காலை உடைத்துக்கொள்வார்கள் என்பதற்காக இல்லை. காலுக்கு மாவுக்கட்டு போட்டால் சரியாகிவிடும். போகிக்குக் கழிக்கிறதைக் கழிக்கலாம் என்று ஏறியவர் கண்ணில் பிஸ்கட் டின் நிறையப் பழைய கேசட்டுகள் பட்டுவிட்டால், வேறு ஆளாகத்தான் இறங்குவார்.

"அடியே, கிராஃப்ட்வெர்க் இருக்குடி!"

"பல்லி இருக்கான்னு முதல்ல பாருங்க," என்பார் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவி.

நேற்றுவரை 'ராஜாவுக்கு அப்புறம் என்ன இருக்கு' கட்சியில் இருந்தவர், இறங்கிய நிமிடத்திலிருந்து எலெக்ட்ரானிக் இசையின் தமிழகத் தூதர். நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார்.

அந்த கேசட் வந்த கதை இது. எண்பதுகளில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் ஊரெங்கும் இருந்தன. டிடிகே அறுபதோ தொண்ணூறோ வாங்கி, காகிதத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு ஆறேழு பாட்டு என்பது கடைக்காரர் கணக்கு. ஜெர்மனியில் டூசல்டார்ஃப் ஊர்க்காரர்களான கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1974-இல் போட்ட 'ஆட்டோபான்' அந்தக் கணக்கில் அடங்காது. நெடுஞ்சாலையில் கார் போகிற போக்கை மோக் சிந்தசைசரை வைத்து வாசித்துக் காட்டுகிற அந்த ஒரே பாட்டு 22 நிமிடத்துக்கு மேல் ஓடும். அறுபது கேசட்டில் ஒரு பக்கமே 30 நிமிடம்தான். "தம்பி, பாட்டு முடியவே மாட்டேங்குது, தட்டு மாட்டிக்கிச்சு போல" என்று கடைக்காரர் நிறுத்தவே போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், நம்மவரும் அதை முழுசாகக் கேட்டதில்லை. இசைத்தட்டு ஹாஸ்டல் அறைத் தோழனுடையது. தலையாட்டாவிட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவான் என்று தலையாட்டியதோடு சரி. அவன் அந்தப் பக்கம் போனதும் 'பயணங்கள் முடிவதில்லை' கேசட்டைப் போட்டுக்கொண்டார்.

இப்போது ஞானம் பிறந்ததற்கு வெளிநாட்டான்தான் காரணம். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் கம்பெனியின் 808 தாளப் பெட்டி, 303 பேஸ் பெட்டி, ஜூபிடர் 8 சிந்தசைசர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். ஒருத்தரும் சீந்தவில்லை. 1987-இல் சிகாகோக்காரர்கள் அதே 303-ஐத் திருகித் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒன்றைக் கிளப்பினார்கள். பிறகு 2010-இல் டச்சுக்காரர் ஒருவர் சிங்கின் தட்டை மறுபதிப்புப் போட, 'இந்த ஆள் ஐந்து வருஷம் முந்திக்கொண்டாரே' என்று மேல்நாட்டு ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள். எழுபது வயதுக்கு மேல் அவரைக் கூட்டிப்போய் ஐரோப்பாவில் மேடையேற்றினார்கள்.

அந்தத் தட்டும் ஞானியின் பரணில் இருந்து தொலைத்தது. அட்டை பளபளப்பாக இருக்கிறதே என்று நடைபாதைக் கடையில் வாங்கிப் போட்டது. "நான் 82-லயே சொன்னேன், யாரும் கேக்கல" என்கிறார் இப்போது. 82-இல் இவர் பத்தாம் வகுப்பு. சொன்னதெல்லாம் பதினாறாம் வாய்ப்பாடு.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மோக் வந்து இறங்கியதும், அங்கே பதிந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் தூங்கி 2023-இல் தொகுப்பாக வெளிவந்ததும், இவர் சொல்லிச் சொல்லி, பால் பாக்கெட் வாங்க வந்தவர்களுக்குக்கூட இப்போது மனப்பாடம்.

இத்தனைக்கும் வீட்டில் எதையும் போட்டுக் கேட்க வழியில்லை. டேப் ரிக்கார்டரைத் திறந்தால் உள்ளே பெல்ட் உருகித் தாராகக் கிடக்கிறது. தொட்ட விரல் கறுப்பு. அந்த விரல் தொட்ட சுவிட்ச், கதவு, புது சோபா உறை எல்லாம் கறுப்பு. கேசட்டின் குட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ரிச்சி தெருவில் அளவு பார்த்து பெல்ட் வாங்கி வரும்வரை ஒரு ஏற்பாடு: இடது கையில் கேசட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலுள்ள போனில் அதே பாட்டைக் கேட்பது. "என்ன இருந்தாலும் கேசட் மாதிரி வராது" என்று இடையிடையே அலுத்துக்கொள்வார்.

ஒருநாள் மேல்வீட்டு மாமா மாட்டிக்கொண்டார். போனில் சிங்கின் மால்கௌன்ஸ்.

"நம்ம இந்தோளம்னா இது? ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடறது?"

"மாமா, இது ஆசிட்."

"வயசானா அப்படித்தான். ராத்திரி மோர் சாதத்தோட நிறுத்திக்கோங்கோ."

பெல்ட் வந்தது. குடும்பமே கூடத்தில் உட்கார, 'ஆட்டோபான்' கிளம்பியது. கார் கதவு சாத்தும் சத்தம், ஹாரன், அப்புறம் சீரான ஓட்டம். ஞானி கண்ணை மூடினார். கார் வேகம் பிடித்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி சூலமங்கலம் சகோதரிகள் கந்தர் சஷ்டிக் கவசத்தை நடுவிலிருந்து பாட ஆரம்பித்தார்கள். யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று கேசட் முதுகிலிருந்த பிளாஸ்டிக் காதை அந்தக் காலத்திலேயே உடைத்து வைத்திருந்தார். அம்மா அந்த ஓட்டையில் செல்லோ டேப்பை ஒட்டி, ரேடியோவிலிருந்து முருகனைப் பதிந்திருக்கிறார்.

303-ஐ மென்பொருளாகவே லேப்டாப்பில் வைத்திருக்கும் மகன், அப்பாவின் பிரசங்கங்களுக்கு ஹெட்போனைக் கழற்றாதவன், முதல்முறையாகக் கழற்றினான்.

"அப்பா, அந்த இடத்தைத் திரும்பப் போடுங்க. செம! இதை நான் எடுத்துக்கறேன். மிக்ஸிங் பாட்டின்னு பேர் போட்டுடலாம்."

"பத்திரமா வெச்சிருந்தது நான்டா!"

"நீங்க எங்க வெச்சீங்க? பரண் வெச்சிருந்தது," என்றார் மனைவி.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை நடைப்பயிற்சியில் கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கம்மா 86-லயே ரீமிக்ஸ் பண்ணினவங்க, தெரியுமோ?"