செம்பருத்தி சார்

செம்பருத்திக்கு இதழ் ஐந்து. சார் ஆறு போட்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மனசுக்குள் எண்ணினார்கள். எண்ணுவது வெளியே தெரியாமலும் பார்த்துக்கொண்டார்கள். தாடி வைத்த விளம்பரக் கம்பெனிப் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“அடுக்குச் செம்பருத்தி ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்திட்டீங்க சார். தைரியம்தான்!”

அன்று மதியம் சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பணி ஓய்வு பெற்றவர்களில் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகிறவர், பென்ஷன் கணக்கைக் கண்டவரிடமெல்லாம் ஒப்பிக்கிறவர் என்று பல சாதி உண்டு. வாட்டர் கலரில் பூ வரைகிறவர் அண்மையில் பெருகிவரும் சாதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவுக்குப் போனால் மடக்கு நாற்காலியும் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஏழெட்டுப் பேர். யாரும் யாருக்கும் குரு இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் ரசிகர்.

சார் வங்கியில் மேலாளராக இருந்தவர். எழும்பூர் ஓவியக் கல்லூரி 1850-லேயே தொடங்கியது. அந்த மதிற்சுவரை ஒட்டித்தான் தினமும் பஸ்ஸில் அலுவலகம் போனார், ஒருநாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுமாதம் ஓவியப் பொருள் கடைக்குள் நுழைந்து, 300 ஜிஎஸ்எம் கனத்தில் முழுப் பருத்திக் காகிதம் ஒரு கட்டு வாங்கினார். விலையைப் பார்த்தபின் அதில் வரைய மனம் வருமா? ஃபிக்ஸட் டெபாசிட் போல பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பயிற்சியெல்லாம் பேரனின் டிராயிங் நோட்டில். அந்தத் தாளோ தண்ணீர் பட்டதும் சுருண்டு எழுந்துகொள்ளும். வண்ணம் பள்ளம் பார்த்து ஓடும். தனக்குத் திறமை போதாது என்று சார் கவலைப்படுவார். பீரோவில் இருக்கிற காகிதம் போதும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

வீட்டில் மாடலுக்கும் பஞ்சம். ராத்திரியே பார்த்து வைத்த மொட்டு காலையில் விரிந்ததும், பென்சில் சீவிக்கொண்டு பால்கனிக்குப் போவார். அதற்குள் மாமி பறித்துப் பிள்ளையாருக்குச் சாத்தியிருப்பார். பூஜை அறை வாசலில் நாற்காலி போட்டு வரைந்த காலமும் உண்டு. மல்லிகைக்கு வந்தபோது வேறு சிக்கல். வாட்டர் கலரில் வெள்ளைக்கு வண்ணம் பூசுவதில்லை. காகிதத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் பச்சையையும் நிழலையும்தான் பூசவேண்டும். ஒரு காலை முழுக்கப் போராடி நான்கு பூவை வெறுமையாக விட்டுக் காட்டினார்.

“இலையெல்லாம் நன்னா இருக்கு. பூ எப்போ வரையப்போறேள்?” என்றார் மாமி.

இதனால்தான் சாருக்கு ஞாயிற்றுக்கிழமை தேவைப்படுகிறது. ஆயில் பெயிண்டில் தப்பு வந்தால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைக்கலாம். வாட்டர் கலர் காய்ந்தபின் மன்னிக்காது. போட்ட கோடு கண்ணாடியாக அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். வண்ணம் மன்னிக்காத இடத்தில் மனுஷர்தான் மன்னிக்கவேண்டும். பொய்ப் புகழ்ச்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஒருவர் அடுத்த தாளை எடுக்கிறார் என்றால் அப்புறம் என்ன சொல்வது?

அந்தக் கூட்டத்தில் அதையும் நாசூக்காகச் செய்வார்கள். உருவம் சரியில்லை என்றால் கலரைப் புகழ்வார்கள். கலர் சேறாகிவிட்டால் “ரொம்ப ஃப்ரீயா இருக்கு” என்பார்கள். இரண்டும் கைவிட்டுப் போனால் “என்ன பேப்பர் சார் இது?” என்று விசாரிப்பார்கள். ஒருநாள் பாதி காய்ந்த சிவப்பின்மேல் பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஓரமெல்லாம் சுருள் சுருளாகக் கறை படர்ந்தது. ஓவியர்கள் அதைக் காலிஃப்ளவர் என்பார்கள். சார் முகம் வாடிப்போனது.

“அதுவும் பூதானே சார்!” என்றான் தாடிப் பையன்.

கூட்டத்தில் தாவரவியல் டீச்சராக இருந்த மேடம் ஒருவர் உண்டு. புகழ்வதற்குப் பதிலாகத் தகவல் சொல்வார். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்துச் செடிகொடிகளை ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்களைக் கொண்டு வரைவித்து, 1838-லிருந்து 1853 வரை தொகுதி தொகுதியாக அச்சிட்ட கதையை அவர்தான் சொன்னார். கோவிந்துவின் பெயரையே ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் வைத்தாராம். சார் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கேட்டியா? வரைஞ்சவன் பேரைப் பூவுக்கே வெச்சிருக்கான்!”

மாமி ஹாலில் காய்ந்துகொண்டிருந்த படத்தை ஒரு பார்வை பார்த்தார். “முதல்ல இது என்ன பூன்னு ஒரு பேர் வையுங்கோ.”

இப்போது சார் கிரகப்பிரவேசம், கல்யாணம் எதற்கும் கவரில் பணம் வைப்பதில்லை. சட்டம் போட்ட செம்பருத்திதான். கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுப்பார்: “இதுல அலிசரின் கிரிம்சன் போட்டிருக்கேன். வெயில் பட்டா வெளுத்துடும், ஜாக்கிரதை.” மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்ட உண்மை அது.

அக்கா மகன் வீட்டில் சார் கொடுத்த படத்துக்கான ஆணியில் சாதாரணமாக மாதக் காலண்டர்தான் தொங்கும். வாட்ச்மேன் இன்டர்காமில் “மாமா வர்றார்” என்று சொன்னதும், லிஃப்ட் நான்காவது மாடிக்கு வருவதற்குள் காலண்டர் இறங்கி செம்பருத்தி ஏறிவிடும். போன மாதம் கரண்ட் இல்லை. லிஃப்டும் இல்லை, இன்டர்காமும் இல்லை. சார் படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார். ஆணியில் காலண்டர். செம்பருத்தி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி.

மருமகள் ஒரு நொடிதான் திணறினாள். “வெயில் பட்டா வெளுத்துடும்னு சொன்னீங்களே மாமா, அதான் மறைவா வெச்சிருக்கோம்.”

சாருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை உறவில் அலிசரினை மதித்தது இந்தப் பெண் ஒருத்திதான். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து முதல் முறையாகப் பருத்திக் காகிதத்தை எடுத்தார். அவளுக்காகவே, வெயிலுக்கு அசையாத குயினாக்ரிடோன் ரோஸில் இன்னொரு செம்பருத்தி தயாராகிறது. முழுத் தாள் அளவு.