முன்மொழிந்த பத்தில் ஒருவன்

பெறுநர்: மாண்புமிகு தேர்தல் ஆணையம்

பொருள்: சட்டமன்றத் தேர்தல் – சுயேச்சை வேட்பாளர் – டீச் செலவு – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கிறார். அவரை முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் நான் ஒருவன். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் என்றால் ஒரே ஒரு கையெழுத்து போதும். கட்சி இல்லாதவருக்குப் பத்து வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்கவேண்டும். எவன் பெயர் பட்டியலில் இடித்து மனு கவிழுமோ என்ற பயத்தில், பரிசீலனை முடியும்வரை அண்ணன் எங்களைச் சம்பந்தி வீட்டார் போலக் கவனித்தார். அந்தக் கவனிப்பில் வந்த செலவு பற்றியதே இந்தக் கடிதம்.

அதற்கு முன் டெபாசிட்டுக்கு ஒரு கும்பிடு. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டதன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. டில்லி இம்முறை காதில் போட்டுக்கொண்டது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆயிற்று; பின்னாளில் அது 10,000 ஆனது. அதற்குப் பின் அத்தனை பேர் எங்கும் மனுப் போடவில்லை. ஆகவே விவசாயிகளின் குறை தீர்ந்துவிட்டது என்றே நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

பதிவாகும் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பத்தாயிரம் திரும்பும். இரண்டு லட்சம் வாக்கு என்றால் 33,334. அண்ணன் அந்தப் பணத்தை மறந்துவிட்டார். அண்ணி மறக்கவில்லை.

சின்னத்துக்கு வருகிறேன். வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் உறுதியாகிறது. அதிலிருந்து வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம்போல இருக்கும். எதிரே நிற்பவை பாட்டன் காலத்திலிருந்து சுவரில் இருக்கும் சூரியனும் இலையும். அண்ணனோ காலிஃபிளவருக்கும் பச்சை மிளகாய்க்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் நின்றார். 2017இல் ஆர்.கே. நகரில் ஒரு சுயேச்சை பிரஷர் குக்கரை வைத்தே ஜெயித்தாரே என்று யாரோ அவருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சுயேச்சை முன்னாள் எம்.பி., ஒரு பெரிய கட்சியில் துணைப் பொதுச்செயலாளராக இருந்தவர் என்பதை எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் விஷயத்தை விடுங்கள். 1957இல் அண்ணா காஞ்சிபுரத்திலும் கருணாநிதி குளித்தலையிலும் வென்று முதன்முதலாகச் சட்டமன்றம் போனபோது, அங்கீகாரமில்லாத கட்சிக்காரர்கள் என்பதால் உங்கள் ஏட்டில் அவர்களும் சுயேச்சைகள்தான். இதைச் சொன்னதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு டீ சொன்னார். செலவு இப்படித்தான் ஏறுகிறது ஐயா.

அவர் செய்யும் செலவை மனு போட்ட நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை எழுதிவைக்க வேண்டும். அதற்கென்று தனி வங்கிக் கணக்கு, பதிவேடு, அதைப் பார்க்கப் பார்வையாளர். முடிவு வந்து முப்பது நாளில் கணக்கு ஒப்படைக்காவிட்டால், தக்க காரணமும் இல்லையென்றால், மூன்றாண்டு நிற்கத் தடை. உச்சவரம்பு 40 லட்சம். அதை மீற அண்ணன் ஏழு பிறவி எடுக்கவேண்டும். வேட்பாளருக்குத்தான் இந்த வரம்பு, கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது என்று படித்தபோது எங்கள் பத்துப் பேருக்கும் சற்றே தலை சுற்றியது. நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினால் அந்தப் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. சுயேச்சைக்கு நட்சத்திரம் கிடையாது. அண்ணனின் மச்சான் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்தால் பெட்ரோல் கணக்கில் ஏறும்.

2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே நிறுத்தினீர்கள். பாராட்டுகிறோம். அந்த நோட்டுகளை யார், எந்த நோட்டில் எழுதிவைத்தார்கள் என்று சொன்னால் அதே மாதிரிப் படிவத்தை நாங்களும் பின்பற்றுவோம்.

இப்போது எங்கள் சந்தேகம். பத்துப் பேரும் ஒன் பை டூ போட்டு ஐந்து டீயைத்தான் குடித்தோம். மாவட்ட விலைப் பட்டியலில் முழு டீக்கு மட்டுமே விலை இருக்கிறது. பத்து அரை டீ என்று எழுதினால் பட்டியலில் இல்லாத பொருள், ஐந்து டீ என்று எழுதினால் மீதி ஐந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்ததாகப் பொய்க்கணக்கு. இதில் எது குற்றம், எது கூடுதல் குற்றம் என்று தெரிவிக்கவும். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தின்ற போண்டாவுக்கு நாங்களே காசு கொடுத்துவிட்டோம். அது நன்கொடையாகுமா?

இன்னொன்று. எங்கள் தொகுதியில் அண்ணனின் பெயரிலேயே வேறு இரண்டு சுயேச்சைகள் நிற்கிறார்கள். அவர்களுடைய பூத் ஏஜெண்டுகள் சாப்பிடுவது ஒரு கட்சி அலுவலகத்தில், வண்டி வருவது இன்னொரு கட்சியிடமிருந்து. அவர்கள் கணக்கு மட்டும் ஒரு பிசிறில்லாமல் டைப் அடித்து வந்திருக்கிறது. யாரிடம் டைப் அடித்தார்கள் என்று தெரிந்தால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மனுவில் ஏழாம் கையெழுத்துக்காரன்

பி.கு.: இந்த உறையில் ஒட்டிய ஐந்து ரூபாய் தபால்தலையை அண்ணன் கணக்கில் எழுதுவதா, என் கணக்கிலா? பதில் வரும்வரை பதிவேட்டில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறோம்.