ஓரி எது, சாமா சாஜா எது? கேமரா பேட்டரித் தேர்வு குறித்து மேருவிலிருந்து ஓர் அளவையியல் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

இவ்வாய்வின் களம் மேரு. தேவர்கள் வலம்வரும் மேரு அன்று. கிள்ளானுக்கு வடக்கே, தொழிற்சாலை லாரிகள் வலம்வரும் மேரு. கல்யாணப் படமெடுக்கும் தம்பிமார் இங்கிருந்து கிளம்பிக் கிள்ளான், ஷா ஆலாம், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று டேவான் டேவானாக, அதாவது மண்டபம் மண்டபமாகப் போய்வருவர். அவர்கள் பையில் கேமரா ஒன்றிரண்டு, பேட்டரியோ பல. அவற்றுள் ஓரி (ஒரிஜினல்) எது, அல்லாதது எது, அல்லாததால் விளையும் கேடு யாது என்னும் வினாக்கள் இதுவரை உணவகங்களில் மட்டுமே ஆராயப்பட்டுள்ளன. அங்கே முடிவு பிறக்கும் முன் தே தாரிக் ஆறிவிடுவதால், இக்கட்டுரை தேவையாயிற்று.

2. வகைப்பாடு

உலகத்தார் பேட்டரியை ஓரி, ஓரி அல்லாதது என இரண்டாகப் பிரிப்பர். அது பொருந்தாது. வகை மூன்று என்க.

முதலாவது ஓரி: கேமரா செய்தவரே தம் பெயரில் விற்பது. இரண்டாவது மாற்று: வேறொரு நிறுவனம் அதே அளவில் செய்து, தன் சொந்தப் பெயரை ஒட்டி விற்பது. மூன்றாவது போலி: எவரோ செய்து, கேமராக்காரர் பெயரை ஒட்டி விற்பது. மாற்று தன் பெயரில் பிழைக்கிறது. போலி அடுத்தவர் பெயரில் பிழைக்கிறது. ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே வசவு கிடைப்பது மாற்றுக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

3. அறியும் வழி

பொருளை அறியச் சைவ சித்தாந்தம் ஏற்கும் அளவைகள் மூன்று: காட்சி, கருதல், உரை. அவற்றை முறையே பொருத்துவோம்.

காட்சியாவது கண்ணால் காண்டல். லேபிளின் அச்சு, உலோகப் பட்டைகளின் ஒழுங்கு, மினுங்கும் ஒட்டுவில்லை ஆகியன இதனுள் அடங்கும். முன்பு எழுத்துப்பிழையே போலியைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது போலி அச்சடிப்போரும் மெய்ப்புப் பார்க்கின்றனர். ஆகவே காட்சி தனித்து நில்லாது.

கருதலாவது கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல். அளவை நூலார் தரும் எடுத்துக்காட்டு, மலையில் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது. பேட்டரி விஷயத்தில் அதுவரை காத்திருப்பது உத்தமம் அன்று. விலையைக் கொண்டு கருதுவதே தக்கது: ஓரியின் விலையில் பாதிக்கு ஒன்றை ‘ஓரி’ என்று நீட்டினால், ஏதுவும் துணிபும் ஒரே கையில் இருக்கின்றன.

உரையாவது நம்பத்தக்கோர் சொல். கோலாலம்பூர்க் கடைத்தெருவில் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், “ஓரியா பாஸ்?” என்று கேட்டால், “சாமா சாஜா லா”, எல்லாம் ஒன்றுதான், என்பார். இதைப் பொய்யென ஒதுக்கலாகாது. இரண்டும் ஒன்றே என்று சொல்ல முதலில் இரண்டு வேண்டும் அல்லவா? தவுக்கே தம்மையறியாமல் உண்மையையே உரைக்கிறார்.

இனி, கேமராவே சான்றுரைப்பதும் உண்டு. 2008-இல் கேனன் 5டி மார்க் 2 உடன் வந்த எல்பி-ஈ6 பேட்டரியினுள் ஒரு சில்லு இருக்கிறது. எஞ்சிய மின்சாரம், எடுத்த படங்கள், பேட்டரியின் முதுமை யாவையும் அது கேமராவிடம் ஒப்பிக்கும். அந்தப் பேச்சு ஒத்துவராத பேட்டரியைச் செருகினால், “இதனோடு தொடர்புகொள்ள முடியவில்லை, தொடரவா?” என்ற பொருளில் திரை வினவும். ஆனால் கேமரா ஒரு கட்சியின் சாட்சி. குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பதற்கில்லை.

4. குற்றங்கள்

நூலுக்கு நன்னூலார் சொன்ன பத்துக் குற்றங்களில் நான்கு பேட்டரிக்கும் உரியவை.

மிகைபடக் கூறல்: சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரியின் கொள்ளளவு 2,280 மில்லி ஆம்பியர் மணி. அதே அளவுக் கூட்டுக்குள் அதைப்போல் ஒன்றரை மடங்கு அடைத்திருப்பதாக ஒரு லேபிள் பேசினால் அது இக்குற்றம்.

மாறுகொளக் கூறல்: வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி வரவேண்டும். 7.2-ஐ 2.28-ஆல் பெருக்கினால் 16.4, சோனியின் லேபிளிலும் அதுவே. சில லேபிள்களில் இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று அறியா.

சென்று தேய்ந்து இறுதல்: இவ்வகைப் பேட்டரிக்குள் பொதுவாக இரண்டு லித்தியம் கலங்கள் வரிசையாக இணைந்திருக்கும். ஒன்று நோஞ்சானாக இருந்தால், மற்றதில் மின்சாரம் மிச்சமிருக்கும்போதே காப்புச் சுற்று மொத்தத்தையும் நிறுத்திவிடும். திரையில் பாதி காட்டியது மறுநொடி இறப்பது இதனால்.

நின்று பயன் இன்மை: நண்பகல் வெயிலில் காருக்குள் கிடந்து உப்பிய பேட்டரி, கேமராவினுள் போய் நின்றுகொள்ளும். வேலையும் செய்யாது, வெளியேயும் வராது.

5. தடையும் விடையும்

ஓரிக்கு இக்குற்றங்கள் இல்லை எனின், அற்றன்று. நிக்கான் 2012-இல் தன் ஈஎன்-ஈஎல்15 பேட்டரிகளில் ஒரு தொகுதியைச் சூடாகும் குறைக்காகத் திரும்பப் பெற்றது. அவை தவுக்கே விற்றவை அல்ல, முழு ஓரி.

ஓரி போட்டால் எல்லா வசதியும் கிடைக்கும் எனின், அதுவும் முழுதும் ஒவ்வாது. 2024-இல் வந்த கேனன் ஆர்5 மார்க் 2-க்கு எல்பி-ஈ6பி என்னும் புது பேட்டரி. அதற்கு முந்திய எல்பி-ஈ6என்எச்-ஐப் போட்டால் சில வசதிகள் அடங்கிவிடும். அதுவும் கேனன் பெற்ற பிள்ளைதான்.

எல்லாம் ஒரே சீனத் தொழிற்சாலையில் பிறப்பவை, ஆகவே வேறுபாடே இல்லை எனின், கலம் ஒன்றாயினும் ஒத்த கலங்களைப் பொறுக்கி இணைக்கும் கவனமும் காப்புச் சுற்றின் தரமும் வேறு. மாவு ஒன்றென்பதால் எல்லாக் கடை ரொட்டி சானாயும் ஒன்றாகாது என்பதை மேருவில் எவருக்கும் நிறுவ வேண்டியதில்லை.

6. துணிபு

ஆகவே கேட்க வேண்டியது பேட்டரியைப் பற்றி அன்று, எடுக்கும் காட்சியைப் பற்றி. அது மீளக்கூடியதா, மீளாததா?

கேக் வெட்டுவது மீளும். “இன்னொரு தடவை சிரிங்க அண்ணி” என்றால் சிரிப்பார்கள். தாலி கட்டுவது மீளாது. “ஐயரே, பேட்டரி மாத்திக்கிறேன், அவுத்துட்டுக் கட்டச் சொல்லுங்க” என்று சொல்லிப் பிழைத்தவர் இல்லை. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்பட்ட ரதமும் நமக்காகப் பின்னே வராது. பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடித்த காவடியை மறுபடி ஏறச் சொல்ல வாயும் வராது. சோனி ஏ7 III ஒரு பேட்டரிக்கு 710 படம் எடுக்கும் என்னும் கணக்கு, இருட்டில் ஓயாமல் வீடியோ ஓடும் அந்த ரத இரவுக்குப் பொருந்தாது.

எனவே மீளாததற்கு ஓரி. மீள்வதற்கும் உபரிக்கும் நற்பெயருள்ள மாற்று. எதற்கும் ஆகாதது போலி. ஒரே ஓரியை நம்பிப் போவதைவிட, ஓர் ஓரியும் சோதித்த இரண்டு மாற்றும் கொண்டு போவதே பாதுகாப்பு. உப்பியது எந்த வகையாயினும் அன்றே விலக்கத்தக்கது, குப்பைத்தொட்டியிலும் போடத்தக்கதன்று.

7. மேலாய்வுக்குரியது

இரவல் பேட்டரி இம்மூவகையுள் எதிலும் அடங்கவில்லை. டேவானில் சக படக்காரருக்கு அவசரத்துக்கு ஓரி கொடுத்தவர், விருந்து முடிந்து மாற்று ஒன்றைத் திரும்பப் பெறுகிறார். கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் சத்தியம் செய்கிறார்கள். இம்மாற்றம் எந்த நொடியில் நிகழ்கிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. நிறுவப்படும்வரை, பேட்டரியின் முதுகில் மார்க்கரால் பெயரெழுதி வைப்பது ஆய்வாளருக்கும் நட்புக்கும் நல்லது.