கனடாக்காரன் விசாரிக்கட்டும், நீ சோத்தத் தின்னு

ஏலே பேராண்டி, விடிஞ்சும் விடியாம பல்லுகூட வெளக்காம அந்தப் போன நோண்டுதியே, என்னல தேடுத? ராத்திரி நீ தூங்கையில அங்க பகலாம். அதுக்காக கனடாக்காரன் ஓம் பேரச் சொல்லிக்கிட்டேவா ஆபீசுக்குப் போவான்?

ஏ.ஓ.ஆருங்க, பி.பி.ஆருங்க, ஜி.சி.எம்.எஸ்ஸுங்க. புள்ளைக்குப் பேய்க்கோளாறோன்னு ஒங்கம்மா திருநீறு போடக் கெளம்பிட்டா.

விசயம் இம்புட்டுதாம்ல. கனடாவுல குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில மார்க்கு தேறி அழைப்பு வந்தா, 60 நாளுக்குள்ள காயிதமெல்லாம் ஏத்திப் பணத்தக் கட்டணும். கட்டுனதும் வருதது ஏ.ஓ.ஆரு. அது வெறும் ரசீதுல! ரசீதுக்கா தெரு பூரா லட்டு குடுத்த? ஒரு காயிதம் கொறஞ்சாலும் கட்டோட திருப்பி அனுப்பிருவான், தெரியுமா?

பொறவு கைரேகை. கடுதாசி வந்து 30 நாளுக்குள்ள குடுத்துரணும். அதுக்கப்புறம் அவுக வேல. ஒடம்பு சரியா? படிப்பும் வேலையும் நெசமா? மேல கேசு உண்டா? நாட்டுக்கு ஆவாதவனா? இதெல்லாம் ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்ததுன்னு எவம்ல சொன்னான்? நம்ம ஊருல பொண்ணு குடுக்கதுக்கு முன்ன விசாரிக்காவல்ல. மாமன் டீக்கடையில கேப்பான். சித்தப்பன் கம்பெனியில கேப்பான். அத்தக்காரி சாதகத்தத் தூக்கிட்டு அலைவா. எவன் மொத தாக்கல் கொண்டாருவான்னு மாப்பிள்ள திண்ணையில ஒக்காந்து கணக்குப் போட்டா ஆச்சா?

ஒங்கூடப் போட்டவனுக்குப் பாஸ்போட்டு கேட்டு பி.பி.ஆரு வந்துட்டுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. அவன் உள்ளூரு விட்டு நவராதவன். நீ துபாயி, சிங்கப்பூருன்னு சுத்துன பய. கடைசி 10 வருசத்துல சேந்தாப்புல 6 மாசம் குடியிருந்த நாட்டுக்கெல்லாம் போலீசு சான்று உண்டுமே, அதப் பாக்க வேண்டாமா? பத்துல எட்டு விண்ணப்பத்த 6 மாசத்துல முடிக்கணும்ங்கது அவுக போட்ட கணக்கு. மிச்ச ரெண்டுல நீ ஒண்ணுன்னா குடியா முழுகிப் போச்சு?

5 டாலர் கட்டி ஜி.சி.எம்.எஸ் கோப்பு நகல் வாங்குதியா? தாராளமா வாங்கு. நீ படிச்சா கோப்பு நவருமாக்கும்? 'உள்ள ஆளு இருக்கு, தள்ளி விடுதேன்'னு ஒருத்தன் வருவான். அவன நம்பாத. இல்லாத அனுபவத்துக்குச் சான்று அடிச்சுத் தாரேன்னு இன்னொருத்தன் வருவான். அவன் தெருப் பக்கமே போவாத. பொய்னு தெரிஞ்சா 5 வருசம் அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க முடியாது.

ஓங் கையில என்ன இருக்கோ அதப் பாருல. கேட்ட காயிதத்தக் கேட்ட தேதிக்குள்ள குடு. கல்யாணம் ஆனாலோ புள்ள பொறந்தாலோ மறைக்காமச் சொல்லு. மெடிக்கல் 12 மாசந்தான் செல்லும். கடைசியா வார குடியேற்ற உறுதிக் காயிதத்துக்கு, மெடிக்கலு, பாஸ்போட்டு ரெண்டுல எது முந்திச் சாவுதோ அதையொட்டித்தான் தேதி போடுவான்.

தெனம் அம்பது தரம் கனடாவ எட்டிப் பாக்கியே, பீரோவுல கெடக்க ஓம் பாஸ்போட்டு என்னைக்குக் காலாவதி? சொல்லு பாப்போம்!