பால் எத்தனை பால்?

மாடு இல்லாமல் மரத்தில் பால் வெட்டியவர்கள் நாங்கள். அதையும் பால் என்று ஒப்புவீர்களா?
— வாசகர், கட்சால் தீவு, நிக்கோபார்

வள்ளுவர் முப்பால் தந்தாரே, மாடா வளர்த்தார்?

அங்கே பால் என்றால் பகுப்பு. ஆண்பால், பெண்பாலிலும் அதுவே. ‘உங்கள்பால்’ என்றால் பக்கம். பழந்தமிழில் ஊழுக்கும் பால் என்றே பெயர்.

உங்கள் தீவுக்கு எல்லாமே பொருந்தும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரைப் பங்கு பிரித்தது: இந்தியாவின்பால் 5,25,000 பேர், இலங்கையின்பால் 3,00,000 பேர். அப்படித் திரும்பியவர்களில் சில குடும்பங்கள்தான் கட்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.